கந்தையில் பிறக்கும் வெதுவெதுப்பு

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்துவிட்டால் மலைநாட்டு இல்லங்களில் ஒரு மாறுதலைக் காணலாம். மாலை ஆறு மணிக்கே கதவுகள் சாத்தப்படுகின்றன. வாசலில் அமர்ந்து கதை பேசிய முதியோர் அடுப்பங்கரையை நாடுகின்றனர். பெட்டியின் அடியில் கிடந்த கம்பளி வெளியே வருகிறது. அதிலே பூச்சி அரித்த துளைகளை எண்ணி இல்லத்தரசி பெருமூச்சு விடுகிறாள். சமவெளியில் வாழ்வோருக்கு மார்கழிப் பனி ஓர் அதிகாலைத் தொல்லையே. ஆனால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளியின்மீது உறைபனி வெண்மையாய்ப் படிவதுண்டு. அங்கே குளிரோடு வாழ்வது ஒரு போராட்டம். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அது கடுமையான போராட்டம்.

மலைப்பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய நாள்களில் நிகழ்ந்த ஒன்று இன்றும் நம் நினைவைவிட்டு அகலவில்லை. தேயிலைத் தோட்டத்து லைன் வீடொன்றில் மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்து வந்தார். கணவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. தை மாதத்து இரவொன்றில் குளிர் தாளாமல், கரிநெருப்பைச் சட்டியில் அள்ளிக் கட்டிலருகே வைத்துக்கொண்டார். சன்னல் இடுக்குகளில் காகிதத்தை அடைத்தார். கதவைத் தாழிட்டுப் படுத்துவிட்டார். காலையில் அண்டை வீட்டுப் பெண் தட்டிப் பார்த்தபோது பதில் இல்லை. ஆள்கள் கூடிக் கதவை உடைத்துத் திறந்து, நினைவிழந்து கிடந்தவரை வெளியே தூக்கிவந்தார்கள். இறையருளால் அவர் பிழைத்துக்கொண்டார்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியவரைக் காணச் சென்றோம். "ஏன் அம்மா இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டோம். "போர்வை நைந்து போச்சு சாமி. புதுசு வாங்கக் கையிலே காசு இல்லே. கரி சும்மா கிடைக்குது" என்றார். பிறகு, உடுத்தச் சேலை எடுப்பதற்காகத் தம் தகரப் பெட்டியைத் திறந்தார். அதனுள் நல்லவையும் நைந்தவையுமாய்ப் பத்துப் பன்னிரண்டு பருத்திச் சேலைகள். அவற்றின்மேல், துவைத்து மடித்த இரண்டு வேட்டிகள். குளிரை வெல்லும் பொருள் அந்த வீட்டிலேயே இருந்தது. அதைப் போர்வையாக்கும் கைவேலைதான் மறந்துபோயிருந்தது.

அந்தக் கைவேலையை நம் குடும்பங்கள் மீண்டும் கற்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துணி எவ்வாறு குளிரைத் தடுக்கிறது?

போர்வை சூட்டை உண்டாக்குவதில்லை. சூட்டை உண்டாக்குவது நம் உடல். அந்தச் சூடு வெளியேறிவிடாமல் காப்பதே போர்வையின் வேலை. அதைச் செய்வது நூலைவிட நூலிழைகளுக்கு நடுவே சிறைப்பட்டு நிற்கும் காற்றே. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ரம்ஃபோர்டு பிரபு என்னும் பெயரால் அறியப்பட்ட பெஞ்சமின் தாம்சன் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பளி, பஞ்சு, இறகு, மென்மயிர் முதலியவற்றை வைத்து இதை ஆராய்ந்தார். வெப்பம் பற்றிய ஆய்வுகளுக்காக 1792-இல் இலண்டன் அரச கழகத்தின் காப்ளி பதக்கத்தையும் பெற்றார்.

இதிலிருந்து இல்லத்தரசிக்குக் கிடைக்கும் பாடம் எளிமையானது. தடித்த துணி ஒன்றைக் காட்டிலும் மெல்லிய துணிகள் பலவற்றை அடுக்கிப் போர்த்துவதே நன்று. ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே ஒரு காற்றுப் படலம் அமைகிறது. பலமுறை துவைத்த பழஞ்சேலை புதுத்துணியைவிட மென்மையாய் உடலோடு ஒட்டி வளைந்து கொடுக்கிறது. காற்று புகும் இடுக்குகளும் குறைகின்றன. ஆகவே, நைந்தது என்று நாம் ஒதுக்கும் சேலை போர்வைக்குக் குறைந்த பொருளன்று; தகுந்த பொருளே ஆகும். ஈரம் மட்டுமே அதற்குப் பகை. ஈரமான போர்வை சூட்டைக் காக்காமல் உறிஞ்சிவிடும்.

கரிநெருப்போ இதற்கு நேர்மாறானது. காற்றோட்டமில்லாத அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்க்காற்று சேரவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு உறக்கம். அந்த உறக்கத்திலிருந்து எழாதவர்களும் உண்டு. படுக்கும் அறையில் கணப்புச் சட்டி வைக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று குடும்பத் தலைவர்களை வற்புறுத்தி வேண்டுகிறோம்.

கந்தையைப் போற்றிய கைகள்

பழந்துணியை அடுக்கித் தைக்கும் கலை நம் நாட்டிற்குப் புதிதன்று. வங்கத்திலே அதற்குக் 'காந்தா' என்று பெயர். 'கந்தா' என்னும் வடசொல்லோடு உறவுடையதே நம் தமிழின் 'கந்தை' என்ற சொல்லும். கந்தையையும் துவைத்து உடுத்தவேண்டும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். வங்கத்துப் பெண்களோ அதைத் தைத்துப் போர்த்தினர்.

பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாய் விரித்து, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே சிறுசிறு ஓட்டுத் தையல்கள் இட்டு இணைப்பது அவர்கள் முறை. நூலுக்குக்கூடக் காசு செலவில்லை. குளிர்காலத்துக்கான தடித்த போர்வைக்கு 'லேப் காந்தா' என்று பெயர். பிறந்த குழந்தைக்கும் பழந்துணியில் தைத்த காந்தாவே முதல் துணி. அது மென்மையானது, குழந்தைக்குக் காப்பும் ஆகும் என்பது அவர்கள் நம்பிக்கை. கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்ற கதைப்பாடலின் நாயகி, பிரிந்துபோன கணவனை எண்ணித் தன் வாழ்வின் கதை முழுவதையும் ஒரு போர்வையில் தைக்கிறாள். தான் இறந்தபின் அதைத் தன் கல்லறைமேல் விரிக்குமாறு வேண்டுகிறாள். ஏழை வீட்டுப் போர்வை ஒரு மக்களின் இலக்கியத்திலேயே இடம்பெற்றுவிட்டது!

நமக்கு இன்னும் அருகில், கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் வட்டாரக் காடுகளை ஒட்டிச் சித்தி இனத்தார் வாழ்கின்றனர். இவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டவர்கள். கோவாவிலிருந்து தப்பி அந்தக் காடுகளில் அடைக்கலம் புகுந்தவர்கள் பலர். இவர்களுள் கத்தோலிக்கர், இசுலாமியர், இந்துக்கள் என்ற மூன்று சமயத்தாரும் உள்ளனர். சித்திப் பெண்கள் தைக்கும் ஒட்டுப் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். அடியில் ஒரு பழஞ்சேலை. அதன்மேல் வண்ண வண்ணமாய்த் துண்டுத் துணிகள். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்துக்கொண்டே வந்து நடுவில் முடிப்பார்கள். கடைசியாய் நான்கு மூலைகளிலும் மடித்த சிறு முக்கோணத் துண்டுகளை வைத்துத் தைப்பார்கள். அதற்குப் 'பூ' என்றே பெயர். பூ இல்லாத கவந்தி முழுமை பெற்றதாகாது. கத்தோலிக்கப் பெண்கள் சிலர் துண்டுத் துணியாலேயே சிலுவை வடிவத்தைத் தங்கள் போர்வையில் வைத்துத் தைக்கின்றனர். பேரப்பிள்ளைகள் அந்தச் சிலுவையின் கீழ் உறங்குகின்றனர்.

கடல் கடந்தும் இதுபோன்ற கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவொன்றில் அமைந்த சிற்றூர் கீஸ் பெண்ட். முன்னாள் அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்களின் ஊர் அது. காற்று புகும் மரக்குடிசைகளில் குளிர்காலத்தைக் கழிக்க, வயலில் உழைத்து நைந்த சட்டைகளையும் காற்சட்டைகளையும் வெட்டி இணைத்துப் போர்வை தைத்தார்கள் அவ்வூர்ப் பெண்கள். 1942-இல் மிசௌரி பெட்வே என்ற பெண் தம் கணவர் இறந்தபின் அவர் அணிந்த வேலைத் துணிகளையே வெட்டி ஒரு போர்வை தைத்தார். அதைப் போர்த்திக்கொண்டு அவரை நினைத்திருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். 2002-இல் ஹூஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகம் கீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரிலே மாட்டிக் காட்சிக்கு வைத்தது. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றின் படங்களை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது. குளிருக்கு அஞ்சிக் கந்தையில் தைத்தவை கலைச்செல்வங்களாய்ப் போற்றப்பட்டன.

போர்வை தைக்கும் முறை

நம் வீட்டிலேயே பெரியவர் ஒருவருக்கான போர்வையைத் தைக்கும் வழியைக் காண்போம். வேண்டியவை மூன்று பழைய பருத்திச் சேலைகள், கெட்டியான பருத்தி நூல் கண்டு, சற்று நீண்ட ஊசி, கத்தரிக்கோல், குண்டூசிகள் அல்லது ஊக்குகள். தையல் இயந்திரம் தேவையில்லை.

முதலில், சேலை பருத்திதானா என்று பாருங்கள். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி இழை காகிதம் எரியும் வாடையோடு எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் இழை உருகி, ஆறியதும் கெட்டியான மணிபோல் ஆகும். பாலியஸ்டரில் தீப்பொறி விழுந்தால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆகவே, அடுப்பங்கரையை ஒட்டி உறங்கும் வீடுகளில் பருத்தியே ஏற்றது.

சேலைகளை வெந்நீரில் துவைத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் உலர்த்துங்கள். கிழிந்த இடம் இருந்தால் வெட்டி எறியவேண்டாம். உள்பக்கத்தில் ஒரு துண்டை வைத்து ஒட்டுப்போடுங்கள்.

சேலை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம் இருக்கும். அதை நடுவில் வெட்டி இரண்டாக்குங்கள். இரு பாதிகளையும் பக்கம் பக்கமாய் வைத்து, நீள ஓரங்களைச் சேர்த்துத் தையுங்கள். இப்போது கிடைக்கும் பெரிய விரிப்பை, அந்தத் தையலின் திசைக்குக் குறுக்காக நடுவில் மடித்தால், இரண்டேகால் மீட்டர் நீளமும் ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று மிகுதியான அகலமும் உள்ள ஈரடுக்கு கிடைக்கும். மூன்று சேலைகளையும் இவ்வாறே மடித்து ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்தால் ஆறடுக்கு ஆகும். பள்ளி செல்லும் சிறுவனுக்கென்றால் இணைக்கும் வேலைகூட இல்லை. ஒரு சேலையை மூன்றாய் மடித்தாலே ஏறத்தாழ நூற்றெண்பது சென்டிமீட்டர் நீளமான மூன்றடுக்குப் போர்வைக்கு ஆயிற்று. இரண்டு சேலையென்றால் ஆறடுக்கு.

இந்த அடுக்கைச் சுத்தமான தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கையால் தடவிச் சுருக்கம் நீக்குங்கள். ஒரு சாண் இடைவெளிக்கு ஓர் ஊக்குக் குத்துங்கள். இந்த வேலையை இருவர் சேர்ந்து செய்வது நல்லது. அவசரப்பட்டால் அடுக்குகள் நழுவிப் போர்வை கோணிவிடும்.

இனித் தையல். ஊசியை அடுக்குகள் எல்லாவற்றினூடும் இறக்கி ஏற்றி, நேர் வரியாக ஓட்டிச் செல்வதே ஓட்டுத் தையல். தையல்கள் ஒவ்வொன்றும் அரிசி மணி அளவினதாய் இருந்தால் போதும். முதல் வரியை நீளவாக்கில் போர்வையின் நடுவில் இடுங்கள். பிறகு இருபக்கமும் இரண்டு விரற்கடை இடைவெளிவிட்டு வரிகளை இட்டுக்கொண்டே ஓரத்திற்கு வாருங்கள். நூலை இறுக இழுக்காதீர்கள். இழுத்தால் அடுக்குகளுக்கு நடுவே காற்று தங்க இடமில்லாமல் போகும். நாள்தோறும் மாலையில் மூன்று நான்கு வரிகள் தைத்தால் பத்துப் பதினைந்து நாள்களில் முடித்துவிடலாம். இறுதியாக, சேலைக் கரையை நீளமாய்க் கிழித்தெடுத்து, நான்கு ஓரங்களையும் அதனால் மூடி மடித்துத் தையுங்கள். தேய்மானம் முதலில் ஓரத்தில்தான் வரும். கரைத்துணி கெட்டியானதாதலால் அது தாங்கும்.

ஓர் எச்சரிக்கை. ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும்போது தளர்ந்த போர்வையோ தலையணையோ அதன்மேலும் அருகிலும் இருக்கலாகாது. அவை முகத்தை மூடி மூச்சை அடைத்துவிடக்கூடும் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். கைக்குழந்தைக்குக் கதகதப்பான சட்டையை அணிவியுங்கள். தைத்த சிறு போர்வையை விழித்திருக்கும் வேளையில் மடியில் வைத்துச் சுற்றிக்கொள்ளப் பயன்படுத்துங்கள்.

சிறு துண்டுகளும் வீணாவதில்லை

போர்வை முடிந்தபின் எஞ்சும் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். அவற்றிலிருந்து நான்கு பொருள்களைச் செய்துகொள்ளலாம்.

கதவிடுக்குத் தலையணை: கதவின் அகலத்திற்கு ஒரு முழம் கூடுதலாய், கணைக்கால் பருமனில், நீண்ட பையொன்று தையுங்கள். கந்தைத் துண்டுகளையும் நன்கு உலர்ந்த மணலையும் கலந்து நிரப்பி வாயை மூடித் தையுங்கள். இரவில் கதவின் அடியில் கிடத்தினால் தரையோடு வரும் ஊதற்காற்று நின்றுவிடும். ஆனால் அறையினுள்ளே விளக்கோ அடுப்போ கரியோ எரியும்போது இதைப் பயன்படுத்தவே கூடாது. முன்னே கூறிய மூதாட்டியின் கதையை மறவாதீர்கள்.

ஒத்தடப் பை: நம் பாட்டிமார் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு சாண் நீளத்தில் இரட்டைத் துணியில் சிறு பை தைத்து வைத்துக்கொண்டால், வறுத்த உப்பையோ தவிட்டையோ இட்டு மூட்டுவலிக்கும் குளிர்ந்த கைகால்களுக்கும் ஒத்தடம் தரலாம். முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூட்டைப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும்; சூடுபட்டுப் புண்ணானாலும் அவர்களுக்குத் தெரியாது. ஆகவே அவர்கள் பாதத்திற்கு ஒத்தடம் வேண்டாம். இரட்டைக் காலுறையே போதும்.

பானைப் போர்வை: மூங்கிற் கூடையொன்றின் உட்புறம் முழுவதும் பருத்தித் துணியை நான்கு விரற்கடைத் தடிப்புக்கு அடுக்கித் தையுங்கள். மேலே மூட அதேபோல் ஒரு திண்டு. கொதிக்கும் கஞ்சிப் பானையை மூடியோடு இதில் இறக்கி வைத்தால் நெடுநேரம் சூடு ஆறாது. அரிசியைப் பத்து நிமிடம் நன்கு கொதிக்கவைத்துப் பானையோடு உள்ளே வைத்து, ஒரு மணி நேரம் திறக்காமல் விட்டால் சோறு அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். விறகும் எரிவாயுவும் மிச்சம். உண்ணுமுன் பானை ஆறிவிட்டிருந்தால் மீண்டும் கொதிக்கவையுங்கள். இரவு முழுவதும் கூடையிலேயே விட்டுவைத்தால் உணவு கெட்டுப்போகும்.

சடை விரிப்பு: துணிகளை இரண்டு விரற்கடை அகல நாடாக்களாகக் கிழித்து, மூன்று நாடாக்களைச் சடை பின்னுவதுபோல் பின்னுங்கள். அந்தச் சடையை நத்தை ஓடுபோல் சுருட்டி, பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துக்கொண்டே போனால் வட்டமான விரிப்பு ஆகும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முதியவரின் பாதம் குளிர்ந்த சிமெண்டுத் தரையில் படாது. விரிப்பு வழுக்காதபடி அடியில் பழைய ரப்பர்த் துண்டுகளை வைத்துத் தைக்க மறவாதீர்கள். இந்த விரிப்பைச் சடை பின்னத் தெரிந்த பத்து வயதுச் சிறுமியும், கற்றுக்கொடுத்தால் அவள் தம்பியும் செய்துவிடுவார்கள். தையல் பெண்களுக்கு மட்டும் உரிய வேலை என்று யாரும் எண்ணவேண்டாம். ஊரெங்கும் தையற்கடை வைத்திருப்போரில் ஆண்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்!

பாதுகாக்கும் முறை

தைத்த போர்வையை வாரம் ஒருமுறை வெயிலில் போடுங்கள். ஆறடுக்குப் போர்வை நீரில் நனைந்தால் மிகவும் கனக்கும், உலரவும் நாளாகும். ஆதலால் மழை நாளில் துவைக்கவேண்டாம். மேலே மெல்லிய உறையொன்று தைத்து அதை மட்டும் அடிக்கடி துவைத்துக்கொள்ளலாம். பங்குனி வந்ததும் நன்கு உலர்த்தி, காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து நடுவில் வைத்து, மடித்துப் பெட்டியில் இடுங்கள். மேல் அடுக்கு நைந்துபோனால் போர்வையே போயிற்று என்று எண்ணாதீர்கள். அதன்மேல் இன்னொரு சேலையை விரித்துத் தைத்தால், பழையது உள்ளடுக்காகிவிடும். இவ்வாறு ஒரே போர்வை தாயிடமிருந்து மகளுக்குச் சென்று, உள்ளே பாட்டியின் சேலையும் மேலே பேத்தியின் சேலையுமாக வாழ்வதுண்டு.

இன்று கடைகளில் மலிவான பாலியஸ்டர் போர்வைகள் குவிந்துகிடக்கின்றன. இயன்றவர்கள் வாங்கட்டும், வாங்கிப் பிறருக்கும் வழங்கட்டும். அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் வாங்க இயலாதவர் குளிரில் நடுங்கவேண்டியதில்லை, கரிச்சட்டியை நாடவேண்டியதுமில்லை என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருக்கவேண்டும்.

தொடக்கத்தில் கூறிய மூதாட்டிக்கு அந்த லைனில் இருந்த பெண்கள் நால்வர் கூடிப் போர்வை தைத்துக் கொடுத்தார்கள். கொழுந்து பறித்துத் திரும்பிய மாலை வேளைகளில், வாசலில் பாய் விரித்து, ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு தைத்தார்கள். பெட்டியிலிருந்து சேலைகளை எடுத்துக் கொடுத்தபோது மூதாட்டி மறுக்கவில்லை. வேட்டிகளின் மேல் மட்டும் கை வைத்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். நாமும் அங்கிருந்தோம். "அவற்றை வேண்டுமானால் விட்டுவிடுவோம் அம்மா" என்றோம்.

"இல்லே சாமி. இதையும் சேர்த்துத் தைக்கட்டும். ஆனா வெளியே வேண்டாம், அழுக்காயிடும். நடுவிலே வைக்கச் சொல்லுங்க" என்றார்.

அவ்வாறே நடு அடுக்கில் வேட்டிகளை வைத்துத் தைத்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் வீட்டில் கரிச்சட்டி எரியவில்லை. அடுத்த தை மாதத்தில் அதே வாசலில், வேறொரு முதியவருக்காக அதே பெண்கள் பாய் விரித்து அமர்ந்திருந்தார்கள். அவர்களோடு ஐந்தாவதாக அமர்ந்து ஊசியில் நூல் கோக்க முயன்றுகொண்டிருந்தவர் அந்த மூதாட்டிதான்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழஞ்சேலைகள் இருக்கும். உங்கள் தெருவிலும் குளிரில் நடுங்கும் முதியவர் ஒருவர் இருப்பார். மார்கழிக்கு முன்பே ஊசியை எடுங்கள்.